ஆடிக் காற்றைத் தை மாதத்தில் எரிக்கிறவர்கள்

ஜனவரி 20, 2025, திங்கள்: உறையூர் – ஆத்தூர்

பொங்கலுக்கு ஊருக்குப் போன சமையல் ஆட்கள் 27-ஆம் தேதிதான் திரும்புகிறார்கள். 17 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். அடுப்பு அணைந்திருக்கும் ஒரே வாரம் இதுதான். வழக்கமாக ஏதாவது கோயிலுக்குப் போவேன். இந்த வருஷம் தம்பி கெடுத்துவிட்டான்.

ஒரு நாளைக்கு 250 சாப்பாடு போடுகிறோம். 19 கிலோ கடை சிலிண்டர் 1,900 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, மாதம் 20 சிலிண்டர் ஆகிறது. மார்ச் பிறந்தால் போர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் தராது. இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்ததில் அவனுக்கே அலுத்துப்போனது போல. "ஆத்தூர் பக்கம் கிழங்கு கழுவுன தண்ணில கேஸ் எடுக்குறாங்கக்கா. புலம்பாம வந்து பாரு" என்றான். அவன் தொழில் போர் மோட்டார் சர்வீஸ். கொங்கு நாட்டில் பாதி மில்காரர்கள் அவனுக்குப் பழக்கம்.

துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் பழைய ஆம்னி வேனில் போனோம். தம்மம்பட்டிக்கு முன்னாலேயே ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. குடிக்க வைத்திருந்த 20 லிட்டர் கேனில் பாதியை வண்டிதான் குடித்தது. தம்மம்பட்டியில் மெக்கானிக் சோப்பை வைத்து அடைத்துவிட்டு 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். "சோப்பா?" என்றேன். "சேலம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல உங்க பாடு" என்றார். உண்மை பேசுகிற மெக்கானிக்.

அங்கிருந்து ஆத்தூர் வரை சாலைக்கு இரண்டு பக்கமும் மரவள்ளி. இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். பிடுங்கிய வயலில் குச்சிகளைக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்திருந்தார்கள், அடுத்த நடவுக்கு. ஆத்தூரில் இரவு அரிசிம்பருப்புச் சோறு கேட்டேன். "அது வீட்ல செய்றதுங்க" என்று சிரித்துவிட்டுப் பரோட்டா வைத்தார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்: ஆத்தூர், சேலம்

விடிகாலையில் நல்ல பனி. ஜவ்வரிசி மில்லுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே புளித்த வாடை வந்துவிட்டது. நான்கு நாள் மூடி வைத்த மாவு வாளியைத் திறந்தால் வருமே, அது.

வாசலில் கிழங்கு லாரிகள். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் முக்கி நிறுத்துக்கொண்டிருந்தார். மாவுச்சத்து எவ்வளவு என்று அதில் தெரியுமாம். பாயிண்ட் என்கிறார்கள். டன் விலை அந்தப் பாயிண்டை வைத்துத்தான். கிழங்கு கொண்டுவந்த பெரியவர் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எங்கள் மெஸ்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர் டிகிரி பார்க்கும்போது நான் நிற்கிற நிலை அது. நான் வாங்குகிற பக்கம், அவர் விற்கிற பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். முதலில் டீ, அப்புறம் மில். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து மாவு வருவது நின்றுபோன பிறகுதான் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிடித்தது என்று அங்கிருந்தே தொடங்கினார். மில்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தது 1981-இல். இங்கே உருட்டுவதில் பெரும்பங்கு மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று வடக்கே விரதச் சாப்பாட்டுக்குப் போகிறது. நாம் பாயசத்துக்கும் வடாமுக்கும் வாங்குவது கொசுறு.

கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி, அரைத்து, சல்லடையில் பால் பிழிந்து, மாவைப் படியவைத்து, குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்து, சிமெண்ட் களத்தில் காயப்போடுகிறார்கள். இதில் உருட்டுவதும் வறுப்பதும் காய்வதும் தவிர எல்லாமே தண்ணீர் வேலை. அதனால் கடைசியில் மாவு அலசிய தண்ணீரைக் கீழே விடாமல், மண்ணோடு வருகிற கிழங்கைக் கழுவுவதற்குத் திருப்பி விடுகிறார்கள். நல்ல தண்ணீர் கடைசி அலசலுக்கு மட்டும். நானும் அரிசி களைகிறேன், தினமும் 60 கிலோ. மூன்றாவது கழுநீரை அடுத்த அண்டாவின் முதல் கழுவலுக்கு ஊற்றலாம் என்று 17 வருஷத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

சக்கை திப்பியாகக் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. மிஞ்சுகிற கழிவுநீர்தான் பெரிய தலைவலி. பார்த்தால் மோர் மாதிரி இருக்கும், ஆனால் விட்ட இடத்துக் கிணறு கெட்டுவிடும். தோலில் இருக்கிற சயனைடும் அதில் கொஞ்சம் கலந்து வரும். சேலத்தில் திருமணிமுத்தாறு நாறியதற்குச் சாக்கடை, சாயத்தோடு கிழங்குத் தண்ணீருக்கும் பங்குண்டு. முதலாளி மறுக்கவில்லை. "எங்கப்பா காலத்துல பின்னாடி ஓடைலதான் விட்டோம்" என்றார்.

இப்போது அந்தத் தண்ணீர் மில்லுக்குப் பின்னால் ஒரு பெரிய குளத்துக்குள் போகிறது. குளத்தைக் கறுப்பு ஷீட்டால் மூடி ஓரமெல்லாம் புதைத்திருக்கிறார்கள். உள்ளே சேர்கிற கேஸில் ஷீட் உப்பி நிற்கிறது. எல்லாருமே பலூன் என்றுதான் சொல்கிறார்கள். தம்பி போய் அதன் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தான். சின்ன வயதில் பூரியை அப்படித்தான் குத்துவான். அந்தக் கேஸ் வறுக்கிற அடுப்புக்கு வருகிறது. முன்பு விறகு எரிந்த இடம். மீதியில் ஜெனரேட்டரும் ஓடுகிறது.

"சீசன் முடிஞ்சு கிழங்கு வரலைன்னா?" என்று கேட்டேன்.

"பாக்டீரியா பட்டினி கிடக்கும்ங்க. அப்பப்ப சாணி கரைச்சு ஊத்தி உசுரோட வச்சுக்கணும். செத்துட்டா மறுபடி பிடிக்க மாசக் கணக்காகும்."

பழைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைக்கிற கதைதான். மார்கழி, தையில் மாவு பொங்காத மாதிரி குளிரில் கேஸும் மந்தமாம்.

என் மெஸ்ஸுக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னேன். இலையில் மிஞ்சுவது, காய்த்தோல், வடித்த கஞ்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 கிலோ என்றேன். டீக்கடை பில்லுக்குப் பின்னால் எழுதினார்: நாளைக்கு 4 கன மீட்டர் கேஸ் வரும், ஒரு கன மீட்டர் சிலிண்டர் கேஸில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மாதம் 3 சிலிண்டர் மிச்சம். இருபதில் மூன்று. நான் இருபதில் பத்தாவது இருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, "கிழங்குத் தண்ணி முழுக்க மாவுங்க. உங்க மெஸ்ல அவ்வளவா வீணாக்குறீங்க?" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது களத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். உருண்டைகள் மேல் கால் வைத்தால் கோலிக்குண்டு மேல் வைத்த மாதிரி. ஜவ்வரிசி துழாவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "வெள்ளையா இருந்தாத்தான் போகுதுக்கா. வெள்ளையாக்கத்தான் அத்தனை அலசு." சிலர் வெளுக்க மருந்தும் போட்டு மாட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். கடையில் கொஞ்சம் மங்கலான பாக்கெட்டை ஒதுக்கிவிட்டுப் பளிச்சென்று இருப்பதை எடுக்கிறவள் நானும்தான்.

மாலை சேலத்தில் தட்டுவடை செட், 40 ரூபாய். துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் இரண்டு சட்னியோடு இரண்டு தட்டைக்கு நடுவில் வைத்து ஒரே வாயில் போடச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. புடவையில் பீட்ரூட். ரேடியேட்டர் சோப்பு சேலம் வந்ததும் சொன்ன சொல் தவறாமல் கரைந்தது. 1,400 ரூபாய் செலவு.

ஜனவரி 22, புதன்: சேலம் – ஒரத்துப்பாளையம் – திருப்பூர்

சங்ககிரி, பவானி, பெருந்துறை. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. சென்னிமலையில் பெட்ஷீட் கடைக்குள் நுழைந்தேன், தம்பி வெளியிலேயே நின்றான். அரை மணி நேரத்தில் 3 பெட்ஷீட். அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

திருப்பூர் போவதற்கு முன்னால் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான் தம்பி. நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அணை. சில வருஷங்களிலேயே அது திருப்பூர்ச் சாயத் தண்ணீரின் தொட்டியாகிவிட்டது. அணை வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, தண்ணீரைத் தேக்காதே, திறந்துவிடு என்று போராடிய ஊர் இது. அப்படி ஒரு போராட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்றைக்கு உள்ளே சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. நடுவில் நொய்யல் ஒரு வாய்க்கால் அளவில் ஓடுகிறது. நிறம் தெரியவில்லை, நுரை மட்டும் அங்கங்கே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஆடுகள் இந்தத் தண்ணீரைக் குடிக்குமா என்று கேட்டேன்.

"குடிக்குமுங். நாமதான் விடறதில்லீங்."

கையிலிருந்த கடலை மிட்டாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து இரண்டு கொய்யாக்காய் எடுத்துக் கொடுத்தார். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த காயோ என்று ஒரு நொடி மனசுக்குள் ஓடியது. வெட்கமாக இருந்தது. இரண்டையும் அங்கேயே தின்றேன், இனிப்பாக இருந்தது.

திருப்பூரில் லாட்ஜ், 1,100 ரூபாய். குழாயடியில் "வெந்நீர் காலை 5 முதல் 7 வரை" என்று பலகை. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. பையன் சமாதானம் சொன்னான்: "அது உப்புத் தண்ணிங்க. நல்ல தண்ணி கீழ டிரம்முல இருக்குங்." இந்த ஊரில் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி, ஆத்துத் தண்ணி என்று மூன்று உண்டு. வாடகை வீட்டு விளம்பரத்திலும் அதைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 23, வியாழன்: திருப்பூர்

வெந்நீரை விட்டுவிட்டேன். எழுந்தபோது 7:10.

இன்றைக்குத்தான் உண்மையில் களைத்துப்போனேன். காலையில் ஒரு சாயப்பட்டறை, மதியம் பொது சுத்திகரிப்பு நிலையம். பட்டறைக்குள் நீராவியும் சத்தமும். கூடவே வந்த மாஸ்டர் 25 வருஷமாகச் சாயம் போடுகிறவர். நகக்கண்ணில் நீலம்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் அதிக உப்பு. வேலை முடிந்ததும் அந்த உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எப்படியாவது எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதுதான் கஷ்டம் என்றார். பழைய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் போகுமாம். இப்போது அதில் பாதிதான் என்று புது மெஷினைத் தட்டிக் காட்டினார்.

2011 ஜனவரி 28. தேதியை யோசிக்காமல் சொன்னார். அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள். "துணிய லாரில ஏத்தி வடக்க அனுப்பிச் சாயம் போட்டு வாங்குனோமுங். நான் நாலு மாசம் மச்சான் பேக்கரில டீ ஆத்துனேன்" என்றார். அப்புறம் அரசாங்கம் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அப்படிப் பொது நிலையங்கள் 18.

மதியம் பார்த்தது அதில் ஒன்று. உள்ளே வருவது கத்தரிக்காய் நிறத் தண்ணீர், நுரையோடு. முதலில் தொட்டிகளில் பாக்டீரியா தின்கிறது. ஆத்தூர்க் குளத்தின் சொந்தக்காரன். பிறகு வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். பெரும்பகுதி கண்ணாடி மாதிரி வெளியே வந்து, குழாயில் அதே பட்டறைகளுக்குத் திரும்பிப் போகிறது. ஒரு கிளாஸில் பிடித்துக் காட்டினார்கள். லாட்ஜ் தண்ணீரைவிட அழகாக இருந்தது.

சவ்வு ஒதுக்கிய கடும் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சுண்டவைக்கிறார்கள். வரிசையாகப் பெரிய பெரிய கொப்பரைகள். முதல் கொப்பரையின் ஆவியில் இரண்டாவது கொதிக்கிறது, இரண்டாவதின் ஆவியில் மூன்றாவது. அடுத்தடுத்து உள்ளே காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இட்லிக் கொப்பரையில் ஆறு தட்டு அடுக்குகிற புத்திதான். அந்தக் கடைசி முனையில் வெள்ளையாக உப்பு விழுகிறது. அதுவும் பட்டறைக்கே திரும்பிப் போய் அடுத்த துணிக்குச் சாயம் பிடிக்க வைக்கிறது. ஒரு ஊரே தன் உப்பைத் திரும்பத் திரும்பத் தின்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்பக்கம் போன பிறகுதான் முகம் மாறியது. முதல் கொப்பரைக்கு ஆவி எங்கிருந்து வரும்? பாய்லர். அதற்கு விறகு, மலை மலையாக. லாரியிலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குப் பக்கத்துக் கொட்டகையில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக. படிந்த சேறு சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது, இந்த உப்பை வாங்கத்தான் ஆளில்லை. நொய்யலுக்கு வந்த உப்பு இப்போது கொட்டகையில் இருக்கிறது. ஆற்றுக்குக் கெடுதல் குறைந்திருக்கிறது, மரத்துக்குக் கூடியிருக்கிறது. நான் சொன்னபோது அங்கே வேலை பார்க்கிற பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "எதையாவது எரிக்காம தண்ணியும் உப்பும் பிரியாதுங்கக்கா" என்றார். சுத்திகரிக்க லிட்டருக்கு இருபது பைசாவுக்கு மேல் ஆகிறதாம். லட்சக்கணக்கான லிட்டருக்குப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பனியன் விலையில் அந்தப் பைசாவைச் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். பதில் அவ்வளவுதான்.

இரவு கொள்ளு ரசம், கம்மஞ்சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டு பேருக்கு 420 ரூபாய். கம்மஞ்சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டே கடைக்காரம்மா, "ஆத்துத் தண்ணில ஆக்குனதுங்க" என்று தானாகவே சொன்னார்.

ஜனவரி 24, வெள்ளி: பல்லடம் – உடுமலை – உறையூர்

நேற்றைக்கு மாஸ்டர் ஒன்று சொல்லியிருந்தார்: இந்தப் பட்டறை கரண்டு பில்லில் தப்பிப்பதே காத்தாடியால்தான். பனியன்காரர்கள், நூல் மில்காரர்கள் என்று பலருக்குப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் சொந்தக் காற்றாலை இருக்கிறது. சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினோம்.

பெதப்பம்பட்டி தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலை. ஒன்றும் சுற்றவில்லை. கல்யாணம் முடிந்த மண்டபத்து நாற்காலிகள் மாதிரி சும்மா நின்றன. இலைகூட அசையாத காலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். தை மாதத்தில் வந்து காற்றாலை பார்க்கிற ஆட்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

காவல்காரர் ஒரு காற்றாலையின் அடியில் அதன் நிழலிலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூரியன் நகர நகர அவரும் நகர்வாராம். புளிச்சோற்றில் பங்கு கொடுத்தார். "இப்ப சுத்தலேன்னா திருப்பூருல எப்படிங்க இதுல மெஷின் ஓடுது?" என்றேன்.

"ஆடியில சுத்துனது வாரியத்துக் கணக்குல கிடக்குதுங். இப்ப எடுத்து ஓட்டறாங்."

தம்பிக்கு இது முன்பே தெரிந்திருந்தது, எனக்குத்தான் புரிய நேரமாயிற்று. ஆடிக் காற்றில் உண்டாகிற மின்சாரத்தை அப்படியே மின்வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவார். ஆனால் முதலாளியின் பேரில் இத்தனை யூனிட் என்று வரவு எழுதப்படும். ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31 வரை ஒரு கணக்கு. அதற்குள் திருப்பூரில் உட்கார்ந்து திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வைத்துக் கொடுப்பதற்கு வாரியம் அதிலேயே ஒரு பங்கு யூனிட்டைப் பிடித்துக்கொள்ளும். பழைய காற்றாலைகளுக்குத்தான் இப்படி வருஷம் முழுக்க வைத்து எடுக்கிற கணக்கு. பின்னால் போட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வாரியத்துக்கும் இதில் வருத்தம் உண்டு. எல்லார் வீட்டிலும் கரண்டு கிடைக்கிற ஆடியில் கொடுத்துவிட்டு, தட்டுப்பாடு வருகிற மாசியில் வந்து கேட்கிறீர்களே என்று.

அறுவடையில் நெல் மூட்டையைப் பண்ணையார் குதிரில் போட்டு வைத்து, கோடையில் ஒரு மரக்கால் குறைத்துத் திருப்பி வாங்கிய கதைகளை எங்கள் பாட்டி சொல்வார். தம்பியிடம் சொன்னேன். "நீ எல்லாத்தையும் சோத்துக்குக் கொண்டுவந்துடுவ" என்றான்.

காற்றாலைக்கு அடியில் சோளத்தட்டு அறுத்து அடுக்கியிருந்தது. தூணைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு எருமை. நிலத்தை விற்றவரே பக்கத்தில் உழுகிறாராம்.

தாராபுரம், கரூர் வழியாகத் திரும்பினோம். கரூருக்கு முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்றில்லை. அன்றைக்கு முழுக்கக் காற்றில்லாத நாள். தம்பி அதை உருட்டிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தான். நான் 3 பெட்ஷீட்டுக்கும் 5 கிலோ ஜவ்வரிசிக்கும் காவல்.

ஜனவரி 25, சனி: வீடு

ஆட்கள் வர இன்னும் இரண்டு நாள். வீட்டுக்கு மட்டும் சமைத்தேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனவள் நின்று, இரண்டு குண்டானை வரிசையாக வைத்து மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தேன். முதல் கழுவலுக்கு நல்ல தண்ணீர் தேவையே படவில்லை. 60 கிலோவுக்கு இது நாளைக்கு நாலைந்து குடமாவது வரும். செலவு ஒன்றுமில்லை, இன்னொரு அண்டா வைக்க இடம் மட்டும் வேண்டும்.

கேஸ் குளத்தின் சின்னத் தம்பியாக ஒரு தொட்டி போடுவதற்கு விலை விசாரித்துச் சொல்கிறேன் என்றான் தம்பி. பின்கட்டில் எங்கே வைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தபோது சந்துக் கதவைத் தட்டும் சத்தம். மாட்டுக்கார அம்மா. மெஸ் ஆரம்பித்த வருஷத்திலிருந்து தினமும் மூன்று மணிக்கு இரண்டு தகர டின்னோடு வருகிறவர். கஞ்சி, கழுநீர், காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாம் அவருடைய நாலு மாட்டுக்கு. காசு கொடுப்பதில்லை, தை பிறந்தால் ஒரு படி நெய் தருவார். ஆத்தூரில் டீக்கடை பில்லுக்குப் பின்னால் எழுதிய 40 கிலோ என்பது இந்த இரண்டு டின்தான். அங்கே கணக்குச் சொன்னபோது எனக்கு நினைவே வரவில்லை.

"அஞ்சு நாளா கதவு சாத்திக் கெடக்கு. மாடு நாலும் சந்துப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குதுங்க" என்றார். நெய்ச் சொம்பு கொண்டுவந்திருந்தார், துணி கட்டி.

தம்பி டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக் கழுநீர் அரைக் குண்டான்தான் இருந்தது. ஊற்றினேன்.

"ஊருக்குப் போயிட்டு என்ன வாங்கிட்டு வந்தீங்க?"

ஒரு கிலோ ஜவ்வரிசி அளந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி மங்கலா இருக்கு, பழசா?" என்றார்.